பெயர் போட்டு எழுதிய சீட்டு

எங்கள் கட்டடத்தில் யாரும் யாரிடமும் நேரில் கோபித்துக்கொள்வதில்லை. ஸ்டாக்ஹோமின் தெற்கே, ஓர்ஸ்தாவில் இருக்கிறது அது. மூன்று மாடி, பதினெட்டு வீடு. படியில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, மழையைப் பற்றி அரை வாக்கியம், அத்தோடு சரி. கோபம் அத்தனையும் கீழே நிலவறைக்குப் போய்ச் சேரும். அங்கேதான் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை. அதன் சுவரில் சீட்டு சீட்டாக ஒட்டியிருக்கும். "உலர்த்தியில் பஞ்சை அப்படியே விட்டுவிட்டுப் போன பெருமகனுக்கு: உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை." "என் நேரத்தில் துவைத்த திருடனுக்கு." இந்த மாதிரி. கீழே பெயர் மட்டும் இருக்காது.

சலவை அறைச் சீட்டில் கையெழுத்துப் போடும் ஆள் இந்த நகரத்தில் இன்னும் பிறக்கவில்லை என்று முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்துதான் இருந்தாள், ஆனால் இங்கே இல்லை. வடக்கே எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, வில்ஹெல்மினாவில். பெயர் துவா ஸ்டென்லுண்ட், வயது இருபத்திநாலு. போன வருடம் ஏப்ரலில் ஒரு முதுகுப்பையும் ஒரு பெட்டியுமாக எங்கள் இரண்டாம் மாடிக்கு வந்தாள். செப்டம்பரில் துரத்தப்பட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யார்மீது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் குனில்லா. முதல் மாடி. சுரங்க ரயில் ஓட்டுகிறேன். கல்யாணம் பண்ணினேன், விட்டேன். மகன் மால்மோவில் இருக்கிறான். அவன் அறையில் இப்போது பழைய இஸ்திரிப் பலகையும் கிறிஸ்துமஸ் விளக்குகளும் குடியிருக்கின்றன. நானும் வடக்கிலிருந்து வந்தவள்தான், கிராம்ஃபோர்ஸ். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

துவா உமேயோவில் கட்டுமானப் பொறியியல் படித்தாள். பாலங்கள் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போடும் வேலை கிடைத்து இங்கே வந்தாள். முதல் வேலை. ஆறு மாதம் சோதனைக்காலம், செப்டம்பர் கடைசியில் முடியும். அதுவரை தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஒரு வார்த்தைகூடக் காரணம் சொல்லாமல் அனுப்பிவிடுவார்கள். தாக்குப்பிடிக்க முதலில் தலைக்கு மேலே ஒரு கூரை வேண்டுமே. அவள் அம்மா விவரமானவள். மகளுக்குப் பதினெட்டு வயது ஆன அன்றே ஸ்டாக்ஹோமில் வாடகை வீட்டுக்குக் காத்திருப்போர் வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டாள். ஆறு வருடம் வரிசையில் நின்றாயிற்று. ஆறு வருட வரிசையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு துடைப்ப அலமாரிகூட வாங்க முடியாது. பதினாலு, பதினைந்து வருடம் நின்றவர்களே அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று பெருமூச்சு விடுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் பெயர் வைப்பதற்கு முன்னால் வரிசையில் போட முடிந்தால் நல்லது, அதற்கும் சட்டத்தில் இடமில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே காத்திருக்கும் ஆள்தான் ரோல்ஃப். எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் குத்தகை எண்பத்திநாலிலிருந்து அவன் பெயரில் இருக்கிறது. அவனோ வருடத்தில் பத்து மாதம் ஸ்பெயினில் ஒரு தோழி வீட்டில் வெயில் காய்கிறான். வீட்டைத் திருப்பிக் கொடுத்தால் வரிசையில் நிற்கிற யாருக்காவது போகும். கொடுப்பானா? கட்டடத்துக்குச் சொந்தமான வீட்டு நிறுவனத்துக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்டான், தான் கட்டுகிற வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு. இரண்டு அறையில் ஒன்றைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டும் போய்விட்டான். துவா கூடத்து சோஃபாவில் படுத்தாள்.

அவளுக்கு அவன் போட்ட நிபந்தனைகளைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். கதவில் அவன் பெயர்தான் இருக்கும். அவளுக்கு வரும் கடிதங்கள் ஆபீசுக்குப் போக வேண்டும். யார் கேட்டாலும் அவள் ரோல்ஃபின் அண்ணன் மகள், இரண்டு நாள் தங்க வந்திருக்கிறாள். எவரோடும் பழகக் கூடாது, எவரோடும் சண்டை கூடாது. இருக்கிற இடம் தெரியாமல் இருக்க வேண்டும், வாடகை மட்டும் ஒன்றாம் தேதி தெரிய வேண்டும்.

அவளும் அப்படித்தான் இருந்தாள், பாவம். காலை ஏழுக்குப் போவாள், மாலை ஏழுக்கு வருவாள். ஷூவைக் கீழ்வாசலிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவாள், சத்தம் கேட்கக் கூடாதாம். ஆமாம் என்று சொல்ல வடக்கத்திக்காரர்கள் வாயைச் செலவழிப்பதில்லை. உதட்டைக் குவித்து ஷ்ஷூப் என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அதுதான் ஆமாம். அவளுடைய ஆபீசில் முதல் வாரமே மேலாளர் அக்கறையாக, ஆஸ்துமாவா என்று கேட்டானாம்.

நான் அவளைப் படியில் பார்ப்பேன், தலையாட்டுவேன். ரோல்ஃபின் வீட்டில் வந்து வந்து போகிற கூட்டத்தில் இன்னொருத்தி என்று நினைத்தேன். அதற்குமுன் இருந்த இரண்டு பையன்கள் விடிய விடியப் பாட்டுப் போட்டவர்கள், துவைக்கும் இயந்திரத்தில் காலணியைப் போட்டு உடைத்தவர்கள். அந்த எரிச்சல் எனக்குள் அப்படியே இருந்தது. இவள் பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாள் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கிழமை. சலவை அறை ஒன்றிலிருந்து ஐந்து வரை ரோல்ஃபின் வீட்டுக்கு, ஐந்திலிருந்து ஒன்பது வரை எனக்கு. பலகையில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண் போட்ட சிறு பூட்டு உண்டு. வேண்டிய நேரத்துக்கு நேரே அதைக் குத்திப் பூட்டினால் அது உங்கள் நேரம், அரசனே வந்தாலும் அசைக்க முடியாது. அன்று விடிகாலை நாலிலிருந்து ரயில் ஓட்டிவிட்டு வந்திருந்தேன். ஒரு குடிகாரன் பெட்டிக்குள் வாந்தி எடுத்து, அதற்கு நான் அறிக்கை எழுதி, என் தலை வெடித்துக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குக் கூடையோடு இறங்கினால் உலர்த்தும் அலமாரி நிறைய ஈரத்துணி. ஐந்தேகால் வரை நின்றேன். ஐந்தரை வரை நின்றேன். ஒருவரும் வரவில்லை.

அலமாரியைத் திறந்தேன், மொத்தத்தையும் அள்ளித் தரையில் போட்டேன். மேசை பக்கத்திலேயே இருந்தது. மேசையில் போட்டிருக்கலாம். தரையில்தான் போட்டேன், பஞ்சும் சோப்புத்தூளுமாகக் கிடந்த தரையில். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதினேன்: "இது இங்கே குடியிருப்பவர்களுக்கான சலவை அறை. வந்துபோகிறவர்கள் வேறு எங்காவது போய்த் துவைத்துக்கொள்ளவும்." சுவரில் ஒட்டினேன். பெயர் போடவில்லை. மனசு குளிர்ந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஏன் வரவில்லை என்று தெரியுமா? நாலே முக்காலுக்கு ஸ்பெயினிலிருந்து ரோல்ஃப் போன் பண்ணினானாம். அடுத்த மாதம் அவனுடைய நண்பன் ஒருவன் நாலு நாள் வந்து தங்குவான், சோஃபா அவனுக்கு வேண்டும், நீ தரையில் படுத்துக்கொள் என்று சொல்ல. முடியாது என்று சொல்லவும் முடியாமல், போனை வைக்கவும் முடியாமல் இவள் நின்றிருக்கிறாள். ஐந்தே முக்காலுக்குக் கீழே ஓடி வந்தாள். நான் அதற்குள் என் துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன்.

மறுநாள் காலை படியில் அவளைப் பார்த்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சட்டையில் சாம்பல்நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது, தேய்த்தும் போகவில்லை போலிருக்கிறது. கண் சிவந்திருந்தது. முதல் முறையாக வாய் திறந்து பேசினாள். எங்களில் வயது பார்த்து மரியாதை கொடுப்பதெல்லாம் கிடையாது, எல்லோரும் எல்லோருக்கும் நீதான்.

"ஒரு நிமிஷம். சலவை ரூம்ல ஒரு சீட்டு ஒட்டியிருக்கே, அதை யார் எழுதுனதுன்னு உனக்குத் தெரியுமா?"

"இந்தக் கட்டடத்துல கிறுக்குங்களுக்கா பஞ்சம்?" என்றேன். சிரித்தேன். "அதையெல்லாம் பெருசா எடுத்துக்காத. வெளிய பாரு, எவ்வளவு நல்ல வெயில்."

அவளுக்கு வழிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டும் நின்றேன். நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை என் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. ஆபீஸ் காகிதத்தில், கட்டம் போட்டதுபோல் நேரான கையெழுத்தில்.

"நான் வந்துபோகிறவள் இல்லை. இரண்டாம் மாடியில், ரோல்ஃப் பெயர் போட்ட கதவுக்குப் பின்னால், ஏப்ரல் முதல் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறேன். முக்கால் மணி நேரம் தாமதமானது என் தப்பு, மன்னிக்கவும். ஈரத்துணியைத் தரையில் போட்டது உன் தப்பு. பேச வேண்டுமென்றால் கதவைத் தட்டு. துவா ஸ்டென்லுண்ட்."

படித்தேன். இந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா என்றுதான் முதலில் தோன்றியது. உள்வாடகைக்கு இருக்கிறேன் என்று தன் கையாலேயே எழுதி, மாதத்தையும் எழுதி, முழுப்பெயரையும் போட்டு, பதினெட்டு வீடும் நிறுவனத்தின் பராமரிப்பு ஆளும் வந்துபோகிற சுவரில் ஒட்டியிருக்கிறாள். வில்ஹெல்மினாவில் சீட்டு எழுதினால் பெயர் போடுவார்கள், ஏனென்றால் போடாவிட்டாலும் யார் எழுதியது என்று ஊருக்கே தெரியும். இங்கே அது தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வது. எனக்கு அது அந்த நிமிடமே புரிந்தது. கையை நீட்டிக் கிழித்திருந்தால் முடிந்திருக்கும். கிழித்தால் பதில் வந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடுமே, எழுதியவள் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டு மேலே போனேன். எவ்வளவு கேவலமான கணக்கு!

மூன்று நாள் அந்தச் சீட்டு சுவரில் இருந்தது. எல்லோரும் படித்தார்கள், ஒருவரும் கதவைத் தட்டவில்லை. நாலாம் நாள் குழல்விளக்கு மாற்ற வந்த பராமரிப்பு ஆள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் ரோல்ஃபுக்கு நிறுவனத்திலிருந்து கடிதம் போயிற்று. மூன்றே நாளில் அவன் விமானம் பிடித்து வந்துவிட்டான். வீட்டில் குழாய் உடைந்தபோது வராத ஆள்.

அவன் கத்தியது முதல் மாடி வரை கேட்டது. நான் படியேறிப் போனேன். கதவு திறந்தே கிடந்தது. ரோல்ஃப் தோல் கறுத்து, தொப்பையோடு நடுக்கூடத்தில் நின்றான். துவா சுவரோரம் கைகட்டி நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் உங்கிட்ட! இருக்குற இடம் தெரியாம இருன்னு! நீ பேரு, மாடி, மாசம்னு ஜாதகத்தையே எழுதி ஒட்டியிருக்க!"

"எழுதுனா பேரு போடணும்," என்றாள் துவா. "பேரு இல்லாம எழுதுறதுக்கு நான் என்ன மிரட்டல் கடிதமா எழுதுனேன்?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணு. திங்கக்கெழமை ஆபீஸ்லேர்ந்து பாக்க வர்றாங்க. அப்ப உன் செருப்புகூட இங்க இருக்கக் கூடாது."

"இன்னும் மூணு வாரத்துல எனக்கு வேல நெரந்தரமாகும், ரோல்ஃப். மூணே வாரம். அதுக்கப்புறம் நானே போயிடுறேன்."

"அது உன் பாடு."

அப்போதுதான் என்னைப் பார்த்தான். முகம் சட்டென்று தேனாக மாறியது. "குனில்லா! நல்ல நேரத்துல வந்த. அவங்க கேட்டா நீ ஒரு வார்த்த சொல்லிடு, இவ என் அண்ணன் மக, ஒரு வாரம் தங்கிட்டுப் போனான்னு. நீ சொன்னா நம்புவாங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "உனக்கு ஏதுடா அண்ணன்?" என்று கத்தினேன். "நாப்பது வருஷமா இந்த வீட்ட வச்சுக்கிட்டு புள்ளைங்கள உறிஞ்சுற! ஒரு ரூம பூட்டி வச்சுட்டு அவள சோஃபாவுல போட்டிருக்க! ஸ்பெயின்ல உனக்குப் படுக்க எடம் இல்லியா? நான் சொல்றேன்டா, எல்லாத்தையும் சொல்றேன், ஏப்ரல் மாசம் தேதியோட சொல்றேன்!"

படியில் மேலும் கீழும் கதவுகள் லேசாகத் திறந்தன. எங்கள் கட்டடத்தில் இப்படிக் கத்தல் கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறை என்று நினைக்கிறேன். ரோல்ஃப் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நான் துவாவின் கையைப் பிடித்து, "வா கீழ," என்று அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி போட்டேன். மகனின் அறையைத் திறந்து காட்டினேன். "இந்தக் குப்பையெல்லாம் நாளைக்கே எடுத்துடுறேன். நீ இங்க வந்துரு. நான் கூடவே இருக்குறதால இதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம், சட்டப்படி சரி. கதவுல என் பேருக்குக் கீழ உன் பேரையும் போடலாம்."

அவள் அறைக்குள் போய்ப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அஞ்சு மாசமா இந்த ஊர்ல நீ ஒருத்திதான் எங்கிட்ட சிரிச்சுப் பேசுன, தெரியுமா? அந்தச் சீட்டப் பாத்தன்னிக்கு ஊருக்கே திரும்பிப் போயிடலாம்னு இருந்தேன். மறுநாள் நீ கதவப் புடிச்சுக்கிட்டு நின்ன பாரு, அப்பதான், சரி, மனுஷங்களும் இருக்காங்கன்னு தோணுச்சு. அந்தத் தைரியத்துலதான் பேரப் போட்டு பதில் எழுதுனேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு வார்த்தையும் சொல்லாமல் இன்னொரு கோப்பை ஊற்றியிருந்தால் அவள் அந்த அறையில் வந்து தங்கியிருப்பாள், மூன்று வாரம் என்ன, மூன்று வருடம் தங்கியிருப்பாள். இந்தப் பாழாய்ப்போன வாயால் நான் சிரித்துப் பேசியதற்கு நன்றி சொன்னாளே, அதை விழுங்க முடியவில்லை எனக்கு.

"துவா, அந்தச் சீட்டு நான் எழுதுனது."

அவள் முதலில் புரியாததுபோல் பார்த்தாள்.

"துணியக் கீழ போட்டதும் நான்தான். வேல அசதி, தலவலி... அதெல்லாம் காரணம் இல்ல. கோவம் வந்துச்சு, பண்ணிட்டேன். நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

"மறுநாள் தெரியுமே," என்றாள்.

நான் காப்பிப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தேன்.

"நான் நேரா உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன், யார் எழுதுனதுன்னு. கிறுக்குங்கன்னு சொன்ன. சிரிச்ச." குரல் உயரவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "கோவத்துல எழுதுனதுக்கு நான் கோவப்படல, குனில்லா. எனக்கும் கோவம் வரும், நானும்தான் எழுதுனேன். நீ சிரிச்சியே, அதுக்கு என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல. ரோல்ஃபாவது மூஞ்சிக்கு நேரா கத்துனான்."

"மன்னிச்சுடு. ஆனா ரூம எடுத்துக்க. எம்மேல கோவமாவே இரு, பேசாமகூட இரு. உன் வேலைய விட்டுடாத."

"வேலைய விட மாட்டேன்," என்றாள். கோப்பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். "இந்த வீட்ல மட்டும் இருக்க மாட்டேன். நீ காலைல சிரிக்கிறப்பெல்லாம் என்ன நெனச்சுக்கிட்டு சிரிக்கிறன்னு நான் யோசிச்சுக்கிட்டே இருக்கணும். அதுக்குப் பதிலா தெனம் தூரத்துலேர்ந்து வந்து ரயில்ல தூங்கலாம்."

அப்படித்தான் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியை இரண்டாம் மாடியிலிருந்து தானே இறக்கினாள். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். கீழ்வாசலில் ஷூவைப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை நன்றாகச் சத்தம் வர நடந்து போனாள். எஸ்கில்ஸ்துனா என்ற ஊரில் ஓர் அறை கிடைத்ததாம். ஆபீசுக்கு ரயிலில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

திங்கட்கிழமை நிறுவனத்து ஆட்கள் வந்தபோது நான் வாக்குக் கொடுத்தபடி தேதியோடு சொன்னேன். ரோல்ஃப் விடவில்லை, வாடகைத் தீர்ப்பாயம் வரை போனான். பிப்ரவரியில் என்னையும் துவாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வீடு அவன் கையை விட்டுப் போயிற்று. பதினாறு வருடம் வரிசையில் நின்ற ஒருவருக்குக் கிடைத்தது. நல்லதுதான். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அவன் செய்தது அநியாயம், சரி. அந்த அநியாயத்திலும் அந்தப் பெண் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தாள். அவளை வெளியே தள்ள என் இரண்டு வரி தேவைப்பட்டது.

தீர்ப்பாயத்துக்கு வெளியே நடைபாதையில் நாற்காலி வரிசை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டு நாற்காலி தள்ளி அவள் உட்கார்ந்தாள். முடியை வெட்டியிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வேல?" என்று கேட்டேன்.

ஷ்ஷூப் என்று மூச்சை இழுத்தாள். நிரந்தரமாகிவிட்டது.

"இன்னும் எஸ்கில்ஸ்துனாதானா?"

மறுபடியும் அதே மூச்சு.

"அந்த ரூமக் காலி பண்ணி வச்சிருக்கேன், துவா. பெயின்ட்டும் அடிச்சாச்சு. அப்படியே இருக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருக்கட்டும்," என்றாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.